தாய்லாந்து போய் முழுசாகத் திரும்புவது எப்படி?

வெப்பமண்டல நாடுகளுக்கு விடுமுறைக்குப் போகிறவர்களுக்காக வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த பாதுகாப்பு வழிகாட்டிகளை நாம் படிக்கவேண்டியதில்லை. உச்சி வெயிலில் அலையாதே, கொசுவிடம் மாட்டாதே, குழாய்த் தண்ணீரைக் குடிக்காதே, தெருநாயைத் தொடாதே என்று அவர்கள் போடும் பட்டியல் முழுக்க நம் தெருவின் அன்றாட நடப்பு. கத்திரி வெயிலில் வேலூர் பஸ் ஸ்டாண்டில் நின்ற மனிதரைப் புக்கெட் வெயில் என்ன செய்துவிடும்? ஆகவே சென்னையில் பாங்காக் விமானம் ஏறும் தமிழர், ஆபத்தெல்லாம் குளிர்தேசத்துக்காரர்களுக்குத்தான் என்ற தெளிவோடு ஏறுகிறார். அந்தத் தெளிவுக்குப் பங்கம் வராமல் நான்கு இரவு, ஐந்து பகலைக் கழிக்கும் வழிமுறைகளைக் கீழே தந்திருக்கிறேன். அப்படியே கடைப்பிடித்தால் என்ன ஆகும் என்பதையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன். அவசரக்காரர்கள் அந்த வரிகளை விட்டுவிடலாம்.

முதலில் பெட்டி. வெளிநாட்டில் நமக்கு நேரக்கூடிய ஒரே பேராபத்து சோறு கிடைக்காமல் போவது. இருபது கிலோவில் பன்னிரண்டு கிலோவைப் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு, எலுமிச்சை ஊறுகாய், அவல், குட்டி எலெக்ட்ரிக் குக்கர் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். தொக்கு பாட்டிலை மூன்று பாலித்தீன் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி, மேலே பழைய லுங்கியைச் சுற்றுங்கள். மொத்தப் பயணத்திலும் முழுப் பாதுகாப்போடு போய்ச் சேரப்போவது அந்த பாட்டில் ஒன்றுதான்.

டிராவல் ஏஜெண்ட் போன் செய்து, “இன்சூரன்ஸ் போட்டுடலாமா சார்?” என்று கேட்பார். “நல்ல காரியத்துக்குக் கிளம்பறப்ப அபசகுனமாப் பேசாதீங்க” என்று அடக்குங்கள். ஐந்து நாளைக்கு ஒரு தலைக்கு ஆகும் தொகை, விமான நிலையத்தில் நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கப்போகும் இரண்டு காபி, இரண்டு பப்ஸின் விலையை ஒட்டித்தான் இருக்கும். பப்ஸையாவது தின்னலாம். டிஜிட்டல் வருகை அட்டை என்ற ஒன்றை 2025 மே 1 முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். தாய்லாந்து அரசின் தளத்தில் அது இலவசம். கூகுளில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்தில் பணம் கட்டி அதை வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டாமல் கிடைப்பதில் நமக்கு என்றுமே நம்பிக்கை இருந்ததில்லை. தம்பி பெட்டியின் மூலையில் வேப் ஒன்றைச் செருகுவான், கண்டுகொள்ளாதீர்கள். மின்சிகரெட் தாய்லாந்தில் 2014-லிருந்தே தடை. சிகரெட் அல்ல, பேனா மாதிரிதான் இருக்கிறது என்று அவன் போலீஸுக்கு விளக்கிக்கொள்வான்.

எப்போது போவது? பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. அதே மாதத்தில் புக்கெட், கிராபி பேக்கேஜ் விலை திடீரென்று இறங்கியிருக்கும். ஏன் இறங்கியது என்று ஏஜெண்டைக் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். அந்தமான் கடலைப் பார்த்த அந்தக் கரைக்குத் தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் வரும், அக்டோபர் வரை இருக்கும். ஏஜெண்ட் காட்டிய படத்தில் கண்ணாடியாகக் கிடந்த கடல் ஜனவரிக் கடல். மழைக்குப் பயந்து தீபாவளி லீவுக்குத் தள்ளிப்போட்டு, அந்தப் பக்கம் கோ சமுய் தீவுக்குப் போகலாம் என்று புத்திசாலித்தனமாக யோசிப்பவர்களும் உண்டு. சமுய் தாய்லாந்து வளைகுடாவில் இருக்கிறது. சென்னையை முக்கியெடுக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான் அங்கேயும் பெய்யும். வேளச்சேரி வெள்ளத்துக்குத் தப்பி ஓடி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு அதே மழையில் நனையலாம்.

இனி கடல். நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, மெரினாவில் முழங்கால் வரை நின்ற அனுபவம் இருக்கிறதே. புக்கெட்டின் மேற்குக் கரையில் பதோங், கரோன், கதா, சுரின் எல்லாமே அழகான கடற்கரைகள். மணலில் சிவப்புக் கொடி பறந்தால் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், நீலப் பின்னணிக்கு எடுப்பாக இருக்கும். அந்தக் கொடிக்குப் பொருள் இறங்காதே என்பது. ஆட்கள் வருடாவருடம் செத்த இடத்தில்தான் அதை நடுகிறார்கள்.

பிள்ளைகளை எங்கே இறக்குவது என்ற கேள்வி வரும். அனுபவசாலியான சித்தப்பா கரையை ஒரு முறை நோட்டம் விட்டு, “அங்க வேணாம், அலை அடிக்குது. இங்க பாரு, அலையே இல்லை, தண்ணி அமைதியா இருக்கு, இங்க நில்லுங்க” என்பார். இதைவிடத் துல்லியமாக ஆபத்தைத் தேர்ந்தெடுக்க யாராலும் முடியாது. இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைத்துக்கொண்டிருக்க, நடுவில் மட்டும் பத்துப் பதினைந்து அடி அகலத்துக்குத் தண்ணீர் கறுத்து, நுரை இல்லாமல் சமர்த்தாகக் கிடந்தால், கரையில் வந்து குவிந்த நீர் திரும்பக் கடலுக்குள் ஓடும் வாய்க்கால் அதுதான். அங்கே ஆழமும் கூடுதல். மார்பளவு நின்றவரை அது காலுக்கடியில் பிடித்து இழுக்காது. அப்படியே சுமந்துகொண்டு வெளியே போகும். அப்போது செய்யவேண்டியதாக நம் உடம்பு சொல்வது, கரையைப் பார்த்து உயிரைக் கொடுத்து நீந்துவது. நல்ல நீச்சல்காரர்களும் அப்படி நீந்தித்தான் களைத்து மூழ்குகிறார்கள். மல்லாந்து மிதந்து கையை உயர்த்துவதும், இழுப்பு விட்டபிறகு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து அலை உடையும் இடம் வழியாகத் திரும்புவதும்தான் வழி. சித்தப்பாவிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. அவர் திருச்செந்தூரில் குளித்தவர்.

சில கடற்கரைகளில், குறிப்பாக வளைகுடாப் பக்கத்துத் தீவுகளில், மணலில் ஒரு கம்பம் நட்டு அதில் ஒரு பாட்டில் வைத்திருப்பார்கள். மோந்து பார்த்தால் வினிகர் வாடை. யாரோ சாலட் சாப்பிட்டுவிட்டு மறந்துவிட்டுப் போனது என்று நினைக்கவேண்டாம். பெட்டி ஜெல்லிமீன் சுட்டால் ஊற்றுவதற்கு வைத்தது. அதன் இழைகளில் இன்னும் வெடிக்காமல் மிச்சமிருக்கும் நச்சு அணுக்களை வினிகர் முடக்கும். நம் முறை வேறு: மணலை அள்ளிப் பரபரவென்று தேய்ப்பது. இதனால் வெடிக்காமல் இருந்தவையும் வெடிக்கும். அந்த ஊர்க் கிராமத்து ஜனங்கள் ஜெல்லிமீன் கடிக்குக் கடலோரக் கொடி ஒன்றை அரைத்துப் பூசுவார்கள். ஆட்டுக்குளம்பு வடிவ இலையும் ஊதாப் பூவுமாக மணலில் படர்ந்து கிடக்கும் அந்தக் கொடி வேறொன்றும் இல்லை, நம் நெய்தல் திணையின் அடும்பு. இதைப் பெருமையோடு கூட வந்தவர்களுக்கு விளக்கலாம், வினிகரை ஊற்றி ஆம்புலன்ஸுக்கு 1669-ஐ அழைத்தபிறகு. பெட்டி ஜெல்லிமீன் சங்க இலக்கியம் கேட்டு முடிக்கும் வரை காத்திருக்காது.

நீலப் பலகைகளும் கண்ணில் படும். பெரிய அலையைப் பார்த்து ஓடும் மனித உருவமும் அம்புக்குறியும் இருக்கும். 2004 டிசம்பர் 26 காலை காவ் லாக்கையும் புக்கெட்டையும் அடித்த அதே அலைதான் நாகப்பட்டினத்துக்கும் வந்தது. இதில் கேலிக்கு இடமில்லை. அம்புக்குறி எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பி பி தீவுக்கு ஸ்பீடுபோட்டில் போவீர்கள். ஓடிப்போய் முன்னணியத்தில் இடம் பிடியுங்கள், காற்று நன்றாக வரும். படகு அலைமேல் ஏறி ஏறி விழும்போது அதிர்ச்சி முழுவதையும் வாங்குவதும் அந்த முன்பக்கம்தான். முதுகெலும்பு நொறுங்கி ஸ்ட்ரெச்சரில் இறங்கியவர்கள் உண்டு. இடுப்புவலிக்காரப் பெரியம்மாவைப் பின்னால் உட்காரச் சொன்னால், “எனக்கு ஒண்ணும் தெரியாது, பிள்ளைங்க உட்கார்ற இடத்துல நானும் உட்கார்றேன்” என்பார். லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், போட்டால் புதுச் சட்டை தெரியாது. 2018 ஜூலை 5 அன்று, வானிலை எச்சரிக்கையையும் மீறிப் போன ‘பீனிக்ஸ்’ என்ற சுற்றுலாப் படகு புக்கெட் அருகே கவிழ்ந்து 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். காசு கட்டியாச்சு, போகாமல் விட்டால் நஷ்டம் என்ற கணக்கு நமக்கு மட்டும் சொந்தமானதில்லை.

தண்ணீரில் மிதந்து மீன் பார்க்கும்போது முகமும் கண்ணும் குளிர்ச்சியில் இருக்கும். முதுகு மட்டும் மேலே மிதந்து வெந்துகொண்டிருக்கும். கறுத்த தோலுக்கு சன்ஸ்கிரீன் எதற்கு என்று கேட்டவர்கள் அன்றிரவு குப்புறப் படுத்துக்கொண்டு தயிர் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். பூசுகிறவர்களும் லேபிளைப் பார்க்கவேண்டும். பவளப்பாறைகளைக் கெடுக்கும் ஆக்ஸிபென்சோன் முதலிய நான்கு ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனைத் தேசிய கடல் பூங்காக்களில் 2021 முதல் தடைசெய்திருக்கிறார்கள், அபராதம் ஒரு லட்சம் பாட் வரை போகும்.

ஆனால் தாய்லாந்தில் ஊனமாகத் திரும்புவதற்குக் கடல் சுற்றுவழிதான். நேர்வழி ஸ்கூட்டர். பாம்பு, சுறா, யானை என்று வெளிநாட்டுக்காரர்கள் பயப்படுவதையெல்லாம் மூட்டை கட்டிவிடலாம். அந்த நாட்டுச் சாலைச் சாவுகளில் நான்கில் மூன்று பங்கு இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளில் போனவர்களுடையது. வாடகை நாளுக்கு இருநூறு, முந்நூறு பாட். அங்கேயும் இடதுபக்கப் போக்குவரத்து. அதே கியர் இல்லாத வண்டி. “பதினாறு வயசுலேர்ந்து ஓட்டறேன், என்கிட்டயா?” என்று மச்சான் சாவியைச் சுழற்றுவார். கடைக்காரர் பாஸ்போர்ட்டை அடகு கேட்டால் உடனே கொடுத்துவிடுங்கள். வண்டியில் முன்பே இருக்கும் கீறல்களைப் போனில் படம் எடுப்பது அவர் மனதைப் புண்படுத்தும், வேண்டாம். மாலையில் திருப்பிக் கொடுக்கும்போது அந்தக் கீறல் ஒவ்வொன்றுக்கும் அவர் விலை சொல்வார். உங்கள் பாஸ்போர்ட் அவர் மேஜை டிராயரில் இருக்கும்.

லைசென்ஸா? நம் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டினால் ஓராண்டு செல்லும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி தருகிறார்கள். அதில் மோட்டார் சைக்கிளுக்கும் அனுமதி இருக்கவேண்டும். வாடகைக் கடைக்காரர் அதைக் கேட்கமாட்டார். கேட்பது இரண்டே பேர்: மலையடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டும் போலீஸ்காரர், அப்புறம் விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர். அபசகுனம் பார்க்காமல் இன்சூரன்ஸ் எடுத்தவரும் இந்த அனுமதி இல்லாமல் விழுந்தால், பாலிசியின் ஏதோ ஒரு பக்கத்துப் பொடி எழுத்து அவரைக் கைவிடும். புக்கெட் தனியார் மருத்துவமனையில் தொடையெலும்புக்கு பிளேட் வைத்தால் பில் லட்சங்களில் வரும். பாட் கணக்கில் வரும் லட்சம், ரூபாயில் இரண்டரை மடங்குக்குக் குறையாது.

நம் ஓட்டுநர்களுக்கு அங்கே வரும் சிக்கலை எந்த வழிகாட்டியும் எழுதவில்லை. அங்கே யாரும் ஹாரன் அடிப்பதில்லை. நாம் வண்டி ஓட்டுவது பாதி கண்ணால், பாதி காதால். பின்னால் வரும் லாரி தன் வருகையை நூறு அடிக்கு முன்பே அறிவிக்கும், நாம் திரும்பிப் பார்க்காமலே ஒதுங்குவோம். அங்கே சத்தமே இல்லை என்றால் பின்னால் யாரும் இல்லை என்று நம் காது முடிவுசெய்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஒரு டொயோட்டா பிக்கப், பரம சாதுவாக, ஒரு முறைகூடக் கனைக்காமல், கண்ணாடியை உரசிக்கொண்டு போகும். பதோங்கிலிருந்து கத்து போகும் மலைப்பாதையின் செங்குத்து வளைவில் மழையும் சேர்ந்துகொண்டால், ஹெல்மெட் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருக்கிறதா தலையில் இருக்கிறதா என்பது மட்டும்தான் மிச்சக் கேள்வி.

ஏப்ரல் 13 முதல் 15 வரை அங்கே சொங்க்ரான். நம் சித்திரைப் பிறப்பும் அதுவும் ஒரே சூரியக் கணக்கு. தெருவெல்லாம் வாளியும் துப்பாக்கியுமாகத் தண்ணீர் விளையாட்டு. அந்த வாரத்துக்கு அந்த அரசாங்கமே வைத்திருக்கும் பெயர் ‘ஏழு ஆபத்தான நாட்கள்’. தினமும் சாலைச் சாவுக் கணக்கு செய்தியில் வாசிப்பார்கள். ஓடும் ஸ்கூட்டரில் இருப்பவர் முகத்தில் ஒரு வாளி ஐஸ் தண்ணீர் வந்து அறைவது எப்படி இருக்கும் என்று அனுபவிக்க விரும்புகிறவர்கள் புத்தாண்டு டிக்கெட்டாகப் பார்த்துப் போடவும்.

குரங்கு என்றால் நமக்கு ஆஞ்சநேயர். பி பி தீவில் குரங்குகளுக்கென்றே ஒரு கடற்கரை இருக்கிறது. வாழைப்பழத்தைக் குழந்தை கையில் கொடுத்து ஊட்டச் சொல்லுங்கள். கடித்தாலோ பிராண்டினாலோ மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, “ஊருக்குப் போய் ஜி.ஹெச்.ல ஊசி போட்டுக்கலாம்” என்று தள்ளிப்போடுவது மரபு. ரேபிஸ் அந்த நாட்டிலும் இருக்கிறது, அதற்கு நம் திரும்பு டிக்கெட் தேதி தெரியாது. உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவதும், அன்றைக்கே தடுப்பூசியும்தான் வைத்தியம். கொசு விஷயத்தில் நாம் ராத்திரி காயில் கொளுத்திப் படுப்பவர்கள். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிக்கும், அப்போது நாம் அரைக்கால் சட்டையில் கோயில் பார்த்துக்கொண்டிருப்போம். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். உடம்பு வலிக்கிறதே என்று புரூஃபனோ ஆஸ்பிரினோ போட்டால் ரத்தக்கசிவில் கொண்டுவிடும்.

சாப்பாட்டில் சைவர்கள் பச்சைப் பப்பாளி சாலட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தின்னலாம். கண்ணைத் திறந்தால் அதில் கிடக்கும் காய்ந்த இறால் தெரியும். மீன்சாறு திறந்தாலும் தெரியாது. மஞ்சள் கொடியில் சிவப்பாக ‘ஜே’ என்று தாய் எழுத்தில் எழுதிய கடையில் மீன், முட்டை எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள். மடி ஆச்சாரப் பாட்டியையும் தைரியமாகக் கூட்டிப்போகலாம். காரம் வேண்டாம் என்றால் ‘மய் பெட்’ என்று சொல்லவேண்டும். சொல்லாதீர்கள். ஆந்திரா மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள் நாம். நடுவில் ஓட்டை விட்ட உருளை வடிவ ஐஸ் தொழிற்சாலையில் செய்தது, பயமில்லாமல் குடிக்கலாம். அதைக் கண்டு நடுங்கித் தம்ளரைத் தள்ளிவைத்த அதே மனிதர், இரவு பாங்காக்கின் காவ்சான் சாலையில் பிளாஸ்டிக் வாளியில் நிரப்பி நாலு ஸ்ட்ரா போட்டுத் தரும், எந்தப் பாட்டிலிலிருந்து ஊற்றினார்கள் என்று தெரியாத சரக்கை உறிஞ்சுவார். மெத்தனால் ருசியில் தெரியாது. மறுநாள் தலைவலியும் வாந்தியும் சாதாரண ஹேங்ஓவர் போலவே வரும். கண் மங்கும்போதுதான் வேறு என்று புரியும். கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த 2024-லேயே, பாங்காக் புறநகரில் மூலிகைச் சாராயம் குடித்தவர்களும், பக்கத்து லாவோஸில் ஊர்சுற்ற வந்த வெளிநாட்டுப் பிள்ளைகளும் இதே விஷத்துக்குத்தான் பலியானார்கள்.

பாங்காக் அரண்மனை வாசலுக்குச் சற்று முன்னால் இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் நிற்பார். “இன்று பௌத்த விசேஷம், அரண்மனை மூடியிருக்கிறது” என்பார். எவ்வளவு நல்ல மனிதர். அவர் கைகாட்டும் டுக்டுக் நாற்பது பாட்டுக்கு ஊரையே சுற்றிக்காட்டி, ஒரு சின்னப் புத்தர் கோயிலுக்குப் போய், கடைசியில் ‘இன்றோடு முடியும் அரசு விற்பனை’ நடக்கும் நவரத்தினக் கடையில் இறக்கும். ஐந்து ரூபாய்க்குக் கீரைக்கட்டில் பேரம் பேசும் அத்தை அங்கே பேரம் இல்லாமல் நீலக்கல் வாங்குவார். அரண்மனை அன்றும் திறந்துதான் இருந்தது. ஏமாந்தபின் கூப்பிட சுற்றுலாப் போலீஸ் எண் 1155. முன்பே கூப்பிட்டாலும் எடுப்பார்கள்.

டீக்கடையில் எந்தத் தலைவரையும் விட்டுவைக்காத நம் வாய்க்கு அங்கே ஐந்து நாள் ஓய்வு கொடுங்கள். அரச குடும்பத்தை அவமதித்தால் குற்றவியல் சட்டம் 112-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு குற்றத்துக்கும் மூன்று முதல் பதினைந்து ஆண்டு சிறை. கையிலிருந்து நாணயம் தவறி உருண்டால் காலால் மிதித்து நிறுத்துவது நம் அனிச்சைச் செயல். அந்த நாணயத்தில் இருப்பது மன்னர் முகம். உருளட்டும்.

“டேட்டா என்ட்ரி வேலை, மாதம் லட்சம், முதலில் டூரிஸ்டாக வந்துவிடுங்கள்” என்ற அழைப்பை நம்பி பாங்காக்கில் இறங்கி, மே சோட் எல்லை வழியாக மியான்மரின் மியாவடிக்குக் கடத்தப்பட்டு, துப்பாக்கி முனையில் இணைய மோசடி செய்யவைக்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022 முதல் மீட்கப்பட்டு வந்துகொண்டிருக்கிறார்கள். ஊர் சுற்றப் போகும் பையன் பெட்டியில் டிகிரி சர்டிஃபிகேட் இருந்தால் வீட்டிலேயே உட்காரவைத்துப் பேசுங்கள்.

திரும்பும் நாள் சுவர்ணபூமி விமான நிலையத்தில் திருப்பாற்கடல் கடையும் பிரம்மாண்டச் சிற்பத்தின் முன் குடும்பத்தோடு படம் எடுப்பீர்கள். தமிழ்ச் சத்தம் கேட்டு ஒரு அண்ணன் சிரித்துக்கொண்டே வருவார். “தம்பி சென்னையா? எனக்கு லக்கேஜ் நாலு கிலோ எக்ஸ்ட்ரா ஆயிடுச்சு. ஒரே ஒரு சாக்லேட் டப்பா. வெளிய என் மச்சான் நிப்பாரு, உங்க போட்டோவை அவருக்கு அனுப்பிடறேன்.” வாங்கிக்கொள்ளுங்கள், ஊர்க்காரருக்கு இந்த உதவிகூடவா செய்யமாட்டோம்? பாங்காக் விமானத்தில் வந்த பைகளிலிருந்து உயர்ரகக் கஞ்சாவும், மலைப்பாம்புக் குட்டிகளும், ஆமைகளும், உள்ளங்கையளவு குரங்குகளும் எடுத்துச் சலித்தவர்கள் சென்னை சுங்கத்துறையினர். காசுக்குச் சரக்கு சுமக்கும் குருவிகளைப் பல வருடங்களாகப் பார்த்தவர்களுக்கு நடையிலேயே தெரிந்துவிடும். “எனக்குத் தெரியாது சார், ஒருத்தர் கொடுத்தாரு” என்று சொல்வீர்கள். கஞ்சா என்றால், தெரியாது என்பதை நிரூபிக்கவேண்டிய பொறுப்பும் சட்டப்படி உங்களுடையதே. மச்சான் சொன்னபடி வெளியில் நின்றுகொண்டுதான் இருப்பார். அரை மணி நேரம் பார்ப்பார், உங்கள் வீட்டார் மட்டும் அழுதுகொண்டே வருவதைப் பார்த்ததும் மெட்ரோ பிடித்துப் போய்விடுவார்.